விதிக்குள் பேசுவது யார்?

1

ஆடிப் பெருக்குக்கு முந்தைய வாரம். ஒகேனக்கல்லில் தண்ணீர் ஏறியிருந்தது. பிலிகுண்டுலுவில் அளந்து சொல்லப்படும் கன அடிக் கணக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போக, பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை. தங்கை வீடு அங்கேதான். அவள் வீட்டுக்காரர் சுற்றுலா வருகிறவர்களுக்கு மீன் வறுத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். ஆள் வராத நாட்களில் அடுப்பு பற்றவைப்பதில்லை. பரிசல்காரர்கள் பரிசலைக் கரையில் கவிழ்த்துப்போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. நான் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்த பன்னிரண்டு பக்கக் கையெழுத்துப் பிரதியைத் தங்கை மகனிடம் கொடுத்து, கூட்டாளிகளோடு சேர்ந்து ஆடிப் பார்க்கச் சொன்னேன்.

அது ஒரு விளையாட்டின் விதிநூல். வேடமேற்று ஆடுகிற விளையாட்டு. மேற்கில் 1974 முதல் அச்சில் இருந்துவருகிற வகை. பலகை வேண்டியதில்லை, காய் வேண்டியதில்லை. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தால் போதும். ஆளுக்கொரு பாத்திரம்: நான் பரிசல்காரன், நான் ஆடு மேய்க்கிறவள், நான் காட்டுக் காவலாளி. ஒருவர் மட்டும் பாத்திரம் எடுப்பதில்லை. அவர் ஆட்டம் நடத்துகிறவர். ‘ஆறு ஏறுது, அக்கரையில ஆடு கத்துது, நீ என்ன பண்ணப்போற?’ என்று கேட்கிறவர். ஆட்டக்காரர் சொல்லும் பதிலிலிருந்து கதை நகரும். சொன்னது பலித்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். தருமபுரிப் பக்கத்து ஆளுக்கு இதை விளங்கவைப்பது கஷ்டமில்லை. கூத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வருகிற வேடத்தை ‘யாரப்பா நீ, எந்த ஊரு’ என்று மடக்கிக் கேட்டு, ராஜாவுக்கும் சபைக்கும் நடுவில் நின்றுகொண்டு ஆட்டத்தை நகர்த்துகிற கட்டியக்காரனை நினைத்துக்கொண்டால் போதும். கூத்தில் துரியோதனன் படுகளத்தில் விழுந்துதான் ஆக வேண்டும். இங்கே முடிவு யாருக்கும் தெரியாது. அதுதான் வித்தியாசம்.

அரைமணி நேரத்தில் பையன் திரும்பி வந்துவிட்டான்.

‘மாமா, இதுல யாரு மாமா பேசறது?’

‘ஏன்டா?’

‘யாரோ சொல்றாங்கன்னா கேக்கலாம். இது ஆத்தங்கரையில போர்டு வெச்ச மாதிரி இருக்குது. எங்களுக்குச் சண்டதான் வருது.’

பிரதியை வாங்கிப் பார்த்தேன். ‘ஆட்டக்காரர் பகடை உருட்டுதல் வேண்டும்.’ ‘இவ்விதிக்கு மாறாகச் செய்தல் கூடாது.’ ‘நீரில் மூழ்கிய பாத்திரம் ஆட்டத்திலிருந்து நீக்கப்படும்.’ அவன் சொன்னது நிஜம். கரையில் நட்டிருந்த தடைப் பலகைக்கும் என் பிரதிக்கும் வாக்கிய அமைப்பில் வித்தியாசமே இல்லை. அப்படி எழுத வேண்டும் என்று தீர்மானித்து நான் எழுதவில்லை. விதி என்று நினைத்ததுமே கை தானாக அந்த நடைக்குப் போய்விட்டது. ஏன் போயிற்று? விதியைச் சொல்கிறவன் தன் குரலில் சொல்வது கூடுதல் அலங்காரமா, இல்லை விதி வேலை செய்வதற்கே அது தேவையா? இந்தக் கேள்வியோடு சில பழைய பிரதிகளைப் புரட்டிப் பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

2

ஆசிரியனின் மரணம் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்ட பக்கங்கள் கொஞ்சமல்ல. ரோலான் பார்த் 1967இல் அதை அறிவித்தார். 1969இல் ஃபூக்கோ, ‘ஆசிரியன்’ என்பது ஒரு ஆள் அல்ல, பிரதிகளை ஒழுங்குபடுத்த ஒரு சமூகம் ஏற்படுத்திக்கொண்ட செயல்பாடு என்று பேசினார். தமிழில் இதை நாம் பெரும்பாலும் கவிதைக்கும் நாவலுக்கும் பொருத்திப் பார்த்தோம். அங்கே அது ஒரு விடுதலைதான். ஆசிரியன் என்ன நினைத்தான் என்ற ஒற்றை அர்த்தத்திலிருந்து பிரதியை மீட்டு வாசகனிடம் கொடுத்தது.

ஆனால் இலக்கியமல்லாத பிரதிகளை நாம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அரசாணை, வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூட ஒழுங்குமுறை, விளையாட்டு விதி. இவற்றில் கொல்வதற்கு ஆசிரியன் கண்ணில் படுவதே இல்லை. ‘நீக்கப்படும்’ என்ற செயப்பாட்டு வினையில் நீக்குவது யார்? ‘செய்தல் கூடாது’ என்பதில் கூடாதென்று நினைத்தது யார்? எழுவாய் இல்லாத இந்த வாக்கியங்களில் ஆசிரியன் செத்துப்போகவில்லை. திரைக்குப் பின்னால் நிற்கிறான். நாவலில் ஆசிரியன் மறைந்தால் வாசகனுக்கு இடம் கிடைக்கிறது. விதியில் அவன் மறைந்தால், கேள்வி கேட்பதற்கு எதிரில் ஆள் இல்லாமல் போகிறது.

எல்லா விளையாட்டுக்கும் இது ஒரே அளவில் பிரச்சினை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்பது முடிந்துபோன விஷயம். அதை யார் குரலில் சொன்னாலும் குதிரை அப்படித்தான் போகும். ஆடுபுலி ஆட்டத்தைப் பாறையில் நாலு கோடு கிழித்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். வேடமேற்கும் விளையாட்டில் விதி ஒருபோதும் முழுமை பெறாது. ஆட்டக்காரர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். புலியோடு பேரம் பேசுவேன் என்பார், ஆற்றை நிறுத்தச் சொல்லிக் கும்பிடுவேன் என்பார். பன்னிரண்டு பக்கத்தில் இல்லை, ஆயிரத்து இருநூறு பக்கத்திலும் அத்தனைக்கும் விதி எழுதி முடியாது. விதி தீர்ந்துபோன இடத்தில் ஆட்டம் நடத்துகிறவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். எதை வைத்துச் சொல்வார்? எழுதியிருக்கிற விதிகள் ஏன் அப்படி எழுதப்பட்டன என்று தெரிந்தால் மட்டுமே எழுதாத விதியை அவரால் ஊகிக்க முடியும். அந்த ‘ஏன்’ குரலில்தான் இருக்கிறது.

3

தமிழில் விதிநூல் என்றால் முதலில் இலக்கணம். தொல்காப்பியத்தைத் திறந்தால் ‘என்ப’, ‘என்மனார்’, ‘மொழிப’ என்று வந்துகொண்டே இருக்கும். இப்படிச் சொல்வார்கள் என்கிற படர்க்கை. பள்ளிக்கூடத்தில் இதை அசைநிலைபோலத் தாண்டிப்போகப் பழகியிருக்கிறோம். ஆனால் இது எழுவாயற்ற விதி அல்ல. எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள், நான் அதைக் கைமாற்றித் தருகிறேன் என்று சொல்கிற ஒரு நிலை. விதிக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அந்த வினைமுற்று மறக்கவிடுவதில்லை. பின்னால் இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் என்று உரைகாரர்கள் ஒருவரை ஒருவர் மறுத்து எழுத முடிந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்றே நினைக்கிறேன். சொன்னவர் உண்டென்றால் மறுப்பவரும் உண்டு.

இதைவிட நேரடியான உதாரணம் அமிதசாகரர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இந்தச் சமண ஆசிரியர் ஒரே விதிகளை இரண்டு முறை எழுதினார். யாப்பருங்கலம் என்று நூற்பாவில் ஒன்று. யாப்பருங்கலக் காரிகை என்று கட்டளைக் கலித்துறையில் இன்னொன்று. விஷயம் இரண்டிலும் யாப்புதான்: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. காரிகையில் மட்டும் அவர் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசுகிறார். அவள் அழகை விளித்து விளித்து, நடுநடுவே நேரசையையும் நிரையசையையும் சொல்லிக்கொண்டு போகிறார். மகடூஉ முன்னிலை என்று இதற்குப் பெயர். கலித்துறையின் விதியைக் கலித்துறையிலேயே சொல்வதால், சொல்கிறவர் அந்த விதிக்குக் கட்டுப்பட்டே பேச வேண்டியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விதிக்கு வெளியே நின்றுகொண்டு அவர் உத்தரவு போடவில்லை.

எது நிலைத்தது? நூற்பா நூலுக்கு விரிவான பழைய விருத்தியுரை இருக்கிறது; ஆராய்ச்சியாளர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் யாப்புப் படிக்கப் போன மாணவன் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்தது குணசாகரர் உரையோடு கூடிய காரிகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உ.வே.சாமிநாதையர் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் போய்ப் பாடம் கேட்டதும் காரிகையைத்தான். ‘பாடம் கேட்பது’ என்ற நம் பிரயோகத்தை யோசித்துப் பாருங்கள். விதிநூலை நாம் வாசித்ததாகச் சொல்வதில்லை, கேட்டதாகத்தான் சொல்கிறோம். மனப்பாடத்துக்குச் செய்யுள் வசதி என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. நூற்பாவும் மனப்பாடத்துக்கானதுதானே.

இதில் ஒரு உறுத்தலும் இருக்கிறது. அந்தப் பெண் நூல் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளுக்குச் சந்தேகம் வருவதில்லை, கொட்டாவிகூட வருவதில்லை. விதியின் முன்னிலையில் இருப்பவள் விதியைப் பற்றிப் பேச அனுமதிக்கப்படாதவள். குரல் இருந்துவிட்டாலே உரையாடல் வந்துவிடாது என்பதற்கும் காரிகைதான் சாட்சி. இந்த முடிச்சைப் பின்னால் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

4

இனி, இந்த விளையாட்டு வகை பிறந்த இடத்துக்குப் போகலாம். அதன் மூதாதை ராணுவத்தில் இருக்கிறது. 1824இல் பிரஷ்யப் படையின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ் ஒரு போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். வரைபடத்தின்மேல் காய் நகர்த்தி, பகடை உருட்டி, பட்டியலைப் பார்த்து எத்தனை பேர் செத்தார்கள் என்று நடுவர் அறிவிப்பார். விதிகளும் பட்டியல்களும் பெருகிக்கொண்டே போயின. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, பட்டியலை மூடிவைத்துவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை நம்பலாம் என்று எழுதினார். விதி முழுமை பெறாது என்பதை ராணுவமே ஒப்புக்கொண்ட தருணம் அது.

1913இல் எச்.ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ வெளியிட்டார். விஞ்ஞானக் கதைகள் எழுதிய அதே வெல்ஸ். பொம்மைச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் பீரங்கியையும் வைத்து வீட்டுத் தரையில் ஆடுகிற ஆட்டத்தின் விதிநூல் இது. ஆனால் அதை ஒரு ஆள் பேசுகிறார். ஆட்டம் எப்படித் தோன்றியது, எந்த விதி சரிப்பட்டு வராமல் மாற்றினோம் என்று நண்பர்களோடு உட்கார்ந்து செய்து பார்த்த கதையாக விதிகள் வருகின்றன. கடைசியில் வெல்ஸ் நிஜப் போருக்குத் திரும்புகிறார். இந்தப் பொம்மைப் போரையே இவ்வளவு குளறுபடியாக நடத்துகிற மனிதர்கள் நிஜப் போரை நடத்தினால் என்ன ஆகும் என்று கேட்டு, போர் வெறியர்களைத் திட்டித்தீர்க்கிறார். மறு வருஷம் முதல் உலகப்போர். குரலற்ற விதிநூலாக இருந்திருந்தால் அது ஒரு போர்ப் பயிற்சிக் கையேடு. அதே விதிகள் ஒரு குரலுக்குள் வந்ததும் போருக்கு எதிரான பிரதியாகிவிட்டன.

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரான லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸும் மினசோட்டாக்காரரான டேவ் ஆர்னசனும் சேர்ந்து எழுதிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வந்தது. முதல் அச்சு ஆயிரம் பிரதி. சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்குப் பழக்கமான எண்ணிக்கை. அரைகுறையான புத்தகம், விதிகள் பாதியில் தொங்கும். மூன்றாவது புத்தகத்தின் முடிவில், மிச்சத்தை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள், உங்களுக்காக நாங்கள் ஏன் கற்பனை செய்ய வேண்டும் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார்கள். பார்த் கேட்ட வாசகனின் பிறப்பு இதைவிட எங்கே நடக்கும்? ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பிரதி உருவானது. ஆனால் அந்த அனுமதியைக் கொடுத்தது பெயரற்ற விதி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நாங்கள்’ என்று தன்மையில் பேசிய இரண்டு பேர் கொடுத்தார்கள். தன்னைக் காட்டிக்கொண்ட ஆசிரியனால்தான் ஒதுங்கி வழிவிடவும் முடிகிறது.

1979இல் கைகாக்ஸ் எழுதிய ‘டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு’ இந்தக் குரலின் உச்சம். ஆட்டம் நடத்துகிறவருக்கான நூல். ஒழுங்கே கிடையாது. தேடுவது தேடிய இடத்தில் கிடைக்காது. அகராதி பார்க்க வேண்டிய சொற்கள், சொந்த அபிப்பிராயங்கள், எரிச்சல், எச்சரிக்கை, வாத்தியார்த்தனம். பின்னிணைப்பில் தான் வாசித்து ஊறிய எழுத்தாளர்களின் பட்டியலைப் போட்டிருக்கிறார். விதி எங்கிருந்து வந்தது என்று வேர் காட்டுகிற செயல் அது. முன்னுரையில், எல்லோரும் ஒரே மாதிரி ஆட வேண்டும், விதியை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள் என்கிறார். முடிவுரையில், எழுத்தல்ல ஆட்டத்தின் ஆத்மாதான் முக்கியம் என்கிறார். அப்பட்டமான முரண். ஆனால் அந்த முரண் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு மனிதர் பேசுவதால் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று தெரிகிறது. தெரிந்தால் பக்கம் சேரலாம், எதிர்க்கலாம்.

5

இவ்வளவு சொன்னதால் குரல் என்றாலே நல்லது என்று முடித்துவிட்டால் அது ரொமாண்டிசிசம். கைகாக்ஸின் குரல் ஓங்கியபோது யாருடைய குரல் அமுங்கியது? கதாபாத்திரமாகவே வாழ்ந்து தொடர்ந்து ஆடுகிற முறையைத் தன் கூட்டாளிகளோடு முதலில் ஆடிக் காட்டியவர் ஆர்னசன். அவர் குறிப்புகளை வைத்துத்தான் கைகாக்ஸ் விரித்து எழுதினார். 1977க்குப் பிறகு வந்த ‘அட்வான்ஸ்டு’ பதிப்பு நூல்களில் ஆசிரியர் கைகாக்ஸ் மட்டும். ஆர்னசன் 1979இல் வழக்குப் போட்டார், 1981இல் சமரசமானது. வாயால் ஆட்டம் நடத்தினவருக்கும் அச்சில் எழுதினவருக்கும் நடுவில் நடந்த தகராறு என்று இதைப் படிக்கலாம். அச்சுக் குரல் வாய்க் குரலை விழுங்கிவிடும். காரிகையின் பெண் மௌனமாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் இதற்கு மாற்று குரலை அழிப்பதா? பின்னால் நடந்தது அதுதான். 1985இன் கடைசியில் கைகாக்ஸ் தான் உண்டாக்கிய கம்பெனியில் அதிகாரத்தை இழந்தார். 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தது. தெளிவான, ஒழுங்கான புத்தகம், தேடியது கிடைக்கும். விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோகிறது என்று அமெரிக்க மதவாதிகள் கிளப்பிய பீதிக்குப் பயந்து பேய், பிசாசுகளின் பெயர்கள்கூட மாற்றப்பட்டிருந்தன. யார் மாற்றியது, ஏன் மாற்றியது என்று அந்தச் சுத்தமான நடையில் சொல்ல ஆள் இல்லை. 1997இல் கம்பெனி கைமாறியது. 2000இல் மூன்றாம் பதிப்போடு, விதிகளை மட்டும் சக்கையாகப் பிழிந்தெடுத்த ஆவணம் ஒன்று திறந்த உரிமத்தோடு வெளியானது. யார் வேண்டுமானாலும் எடுத்து நூல் எழுதலாம். ஜனநாயகம் மாதிரிதான் தெரிந்தது. எத்தனையோ சிறு பதிப்பாளர்கள் அதனால் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தைக் கம்பெனி மாற்றப்போகிறது என்று தகவல் கசிந்ததும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் அதே மாதம் கம்பெனி பின்வாங்கி, ஆவணத்தைப் பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் விட்டது. பேசுகிற ஆள் இல்லாத பிரதிக்கும் உடைமையாளர் இருந்தார். இருபத்து மூன்று வருஷம் கழித்து அவர் எழுந்து நின்றபோதுதான் அது தெரிந்தது.

இதில் சட்டம் சேர்க்கிற வேடிக்கை ஒன்று. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆட்டமுறைக்கு உரிமை கோர முடியாது. அதைச் சொன்ன வார்த்தைகளுக்குத்தான் உரிமை உண்டு. அதாவது, விதி எல்லோருக்கும் பொது, குரல் மட்டுமே ஆசிரியனுடையது. சட்டம் வியாபாரத்துக்காகச் சொன்ன இந்தப் பிரிவினையை நாம் வேறு விதமாக எடுத்துக்கொள்ளலாம். விதியைப் பொதுவில் வைக்க வேண்டுமென்றால், அதைச் சொன்னவன் ‘இது என் வார்த்தை’ என்று பிரித்துக் காட்ட வேண்டும். 2010இல் வின்சென்ட் பேக்கர் எழுதிய ‘அப்போகலிப்ஸ் வேர்ல்டு’ இதைச் செய்தது. கொச்சையாக, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் பேசுவதுபோல எழுதிய நூல். ஆட்டம் நடத்துகிறவர் எதை நோக்கி நடத்த வேண்டும், எந்தக் கோட்பாடுகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே அடுக்குகிறது. அதைப் பின்பற்றி மற்றவர்கள் எழுதிய ஆட்டங்கள் ஏராளம். குரலைக் கேட்டவர்கள் தங்கள் குரலில் எழுதத் தொடங்கினார்கள்.

6

நம் விளையாட்டுகளுக்கு இப்படி நூல் இல்லையா என்றால், 1954இல் தேவநேயப் பாவாணர் எழுதிய ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ இருக்கிறது. ஆண்பால், பெண்பால், இருபால் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆடுமுறையை எழுதினார். ஆடுமுறைப் பகுதி நிதானமான, யாருடையதென்று தெரியாத உரைநடை. அடுத்து ‘ஆட்டுத் தோற்றம்’ என்று ஒரு தலைப்பு வரும். அங்கே பாவாணர் வந்துவிடுவார். பழந்தமிழ் வாழ்க்கையிலிருந்து இந்த ஆட்டம் எப்படிப் பிறந்திருக்கும் என்று அவருக்கே உரிய தீவிரத்தோடு ஊகிப்பார். அந்த ஊகங்களில் எத்தனை நிற்கும் என்பது வேறு விஷயம். இன்னார் ஊகிக்கிறார் என்று தெரிவதால் நாம் மறுக்க முடிகிறது. ஆடுமுறைப் பகுதியில் அந்த வசதி இல்லை. எங்கள் ஊரில் இப்படி ஆடுவதில்லையே என்று யாரிடம் சொல்வது?

கூத்துக்கு வருவோம். சென்னைப் பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சடித்துத் திருவிழாக் கடைகளில் விற்ற கூத்து நாடகப் புத்தகங்களில் விருத்தமும் தருவும் வசனமும் இருக்கும். கட்டியக்காரன் அன்றைக்கு அன்றைக்கு அடிக்கிற பேச்சு பெரும்பாலும் இருக்காது. அது ஊருக்கு ஊர், ராத்திரிக்கு ராத்திரி மாறுவது. ஆட்டத்தை நடத்துகிற குரல், அச்சில் விழாத குரல். கூத்து உயிரோடு இருக்கிற வரைக்கும் அது பிரச்சினை இல்லை, வாத்தியாரிடமிருந்து பையன் கேட்டுக்கொள்வான். கேட்பதற்குப் பையன் வராத ஊரில் அச்சுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கட்டியக்காரன் ஆகிவிட முடியாது. பாட்டு மிஞ்சும், தீர்ப்பு மிஞ்சாது.

7

இனி ஒகேனக்கல்லுக்கே திரும்பலாம். தடைப் பலகையைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. அது உயிரைக் காப்பாற்றுகிற பலகை, இருக்கத்தான் வேண்டும். அதே கரையில் கேட்ட இன்னொரு விதி என் நினைவில் இருக்கிறது. தடை இல்லாத நாளில் பரிசலில் ஏறினால், துடுப்புப் போடுகிற பெரியவர் சொல்வார்: ‘தம்பி, நான் சொல்றன், நடுவுல எந்திரிக்காதீங்க. பரிசலுக்கு முன்னும் கெடையாது பின்னும் கெடையாது. ஒரு பக்கம் நீங்க எந்திரிச்சா இன்னொரு பக்கம் தண்ணி வரும். போட்டோ புடிக்கணும்னா எங்கிட்ட சொல்லுங்க, நான் சுத்தித் தர்றன்.’ இதில் விதி இருக்கிறது, காரணம் இருக்கிறது, சொல்கிறவர் இருக்கிறார், விதியை மீற நினைப்பவனுக்கு ஒரு வழியும் இருக்கிறது. குழந்தை அழுது எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதிலிருந்தே நமக்குத் தெரிந்துவிடுகிறது, எதிர்ப்பக்கம் ஆள் நகர்ந்து உட்கார வேண்டும் என்று.

அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு பக்கத்தையும் திரும்ப எழுதினேன். தன்மையில் எழுதினேன். ‘நீரில் மூழ்கிய பாத்திரம் நீக்கப்படும்’ என்ற இடத்தில் இப்படி வந்தது: ‘ஆற்றில் விழுந்த பாத்திரத்துக்கு ஒரே ஒரு பகடைதான் கொடுத்திருக்கிறேன். அது கடுமை என்று எனக்கே தெரியும். நான் சின்னப் பையனாக இருந்தபோது என் கூடப் படித்தவனின் அப்பாவை இந்த ஆறு கொண்டுபோய்விட்டது. மூன்றாம் நாள் கீழே கிடைத்தார். விளையாட்டில்கூட இந்த ஆற்றில் யாரும் விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்து வருவதை என்னால் எழுத முடியவில்லை.’

மறுநாள் பிள்ளைகள் எடுத்துப்போனார்கள். நான் கூடப் போகவில்லை. பரிசல்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி ஆட்டம் நடத்தியிருக்கிறாள், எட்டாவது படிக்கிறவள். சாயங்காலம் வந்து சொன்னாள்.

‘மாமா, உங்க ரூல ஒண்ண மாத்திட்டேன்.’

‘எதை?’

‘ஆத்துல வுழுந்தா ஒரு பகடைன்னு எழுதியிருந்தீங்க இல்ல. ஒங்களுக்கு அவுங்க அப்பா ஞாபகம், சரி. எங்க தாத்தா ரெண்டு பேரை வெளிய இழுத்திருக்காரு. அதனால பக்கத்துல பரிசல்காரன் இருந்தா ரெண்டாவது பகடை உண்டு. ஆனா பரிசல்காரனும் உருட்டணும். தப்புனா ரெண்டு பேரும் போவாங்க.’

என் விதியைவிட அவள் விதி நன்றாக இருந்தது. காப்பாற்றப் போகிறவனுக்கும் ஆபத்து உண்டு என்பது என் பன்னிரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை. முதல் பிரதியை வைத்துக்கொண்டு அவளால் இதைச் செய்திருக்க முடியாது என்று சாதிக்க மாட்டேன். ஒரு ஊரில் ஆறு பிள்ளைகள் இரண்டு நாள் ஆடியதை வைத்துக் கோட்பாடு கட்ட முடியாது. ஆனால் முதல் பிரதியில் அவர்கள் சண்டை போட்டுக் கலைந்தார்கள், இரண்டாவதில் என்னோடு சண்டை போட்டுத் தொடர்ந்தார்கள். எனக்கு அந்த வித்தியாசம் போதும். காரிகையின் பெண் வாய் திறந்திருந்தால் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பாள்.

ஆக, ஆசிரியனின் மரணத்தை விதிநூல்களுக்குக் கொண்டுவரும்போது வரிசையை மாற்ற வேண்டியிருக்கிறது. முதலில் ஆசிரியன் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். நான்தான் சொன்னேன், இதனால்தான் சொன்னேன் என்று நிற்க வேண்டும். அவனை என்ன செய்வது என்பதை அப்புறம் ஆடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பெண்ணின் திருத்தத்தை இப்போது பிரதியில் சேர்த்திருக்கிறேன், அவள் சொன்ன வார்த்தையிலேயே. கீழே என் பழைய விதியையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.